திரைக்குப் பின்னால் அத்தை வீட்டுப் பள்ளிக்கூடம்

உங்கள் பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியார் யார்? இந்தப் பள்ளிக்கூடத்தில் பாபநாசம் சிவன்! மார்கழி விடியலில் மயிலை மாட வீதிகளில் பஜனை கோஷ்டியை நடத்திக்கொண்டு போவாரே, அதே சிவன்தான். ஒரு பக்கம் சினிமாவுக்குப் பாட்டெழுதிக்கொண்டே, ஆற்றைத் தாண்டி அடையாற்றுக்கு வந்து, அரை டிராயர் பையன்களுக்கும் பாவாடைச் சிறுமிகளுக்கும் சங்கீதம் சொல்லிக்கொடுத்தார். பாலர் வகுப்புப் பக்கம் எட்டிப் பார்த்தால் இத்தாலியிலிருந்து வந்த மரியா மாண்டிசோரி. வீணைக்குக் காரைக்குடி சாம்பசிவ ஐயர். சங்கீதத்துக்குத் தலைமை டைகர் வரதாச்சாரியார். அபிநயத்துக்கு மயிலாப்பூர் கௌரி அம்மாள். சில வருஷம் முன்னே பின்னே வந்தவர்கள்தான் என்றாலும், வந்து சேர்ந்தது எல்லோரும் ஒரே இடத்துக்கு. இந்தப் பெயர்களை வரிசையாக எழுதும்போதே எனக்குக் கை பரபரக்கிறது!

கலாக்ஷேத்ராவைச் சென்னையில் தெரியாதவர் கிடையாது. அதன் நாட்டிய நாடகம், அதன் புடவை, டிசம்பர் கலை விழா எல்லாம் பிரபலம். ஆனால் அதற்கும் முன்னால், அதே குடும்பத்தில் மூத்த பிள்ளையாகப் பிறந்தது ஒரு சின்னப் பள்ளிக்கூடம். விடுதியோடு கூடிய பள்ளிக்கூடம். அங்கே தங்கிப் படித்த குழந்தைகள் வளர்ந்ததெல்லாம் திரைக்குப் பின்னால்தான். நாமெல்லாம் டிக்கெட் வாங்கி முன்பக்கம் உட்கார்ந்து பார்த்ததை, அவர்கள் ஒத்திகைத் திண்ணையிலும் தறிக்கொட்டகையிலும் ஒப்பனை அறையிலும் புழங்கிக்கொண்டே கற்றார்கள். அந்தப் பின்வாசல் வழியாக உள்ளே போகலாம், வாருங்கள்.

1933 செப்டம்பர் 20-ல் பிரம்மஞான சபைத் தலைவர் அன்னி பெசன்ட் அடையாற்றில் காலமானார். அடுத்த ஆண்டு அந்தப் பொறுப்புக்கு வந்த ஜார்ஜ் அருண்டேல், அந்த 1934-லேயே அம்மையாரின் பெயரில் ஒரு பள்ளி தொடங்கினார். பெசன்ட் நினைவுப் பள்ளி. அருண்டேல் இங்கிலாந்துக்காரர். காசியில் பெசன்ட் நிறுவிய மத்திய இந்துக் கல்லூரிக்கு முதல்வராக இருந்தவர். 1917-ல் ஹோம் ரூல் இயக்கத்துக்காக அம்மையாரோடு சேர்த்து ஊட்டியில் காவலில் வைக்கப்பட்டவர். ஆக, வாத்தியார் தொழிலும் தேசத் தொண்டும் ஒன்றாகக் கலந்த மனுஷர். கேரளத்திலிருந்து வந்த சங்கர மேனன் பள்ளியின் தலைமை ஆசிரியராக அமைந்தார். அதன்பின் வாழ்நாள் முழுக்க அந்தப் பள்ளிக் குடும்பத்தை விட்டு அவர் நகரவில்லை.

இடம் எப்படிப்பட்டது தெரியுமா? 1882-ல் சபையின் நிறுவனர்களான ஆல்காட்டும் பிளாவட்ஸ்கியும் வாங்கிய ஹடில்ஸ்டன் தோட்டம். முதலில் 27 ஏக்கர்தான். சிறுகச் சிறுகப் பக்கத்துத் தோப்புகளும் சேர்ந்து ஆற்றங்கரையிலிருந்து கடற்கரை வரை நீண்டது. உள்ளே ஊர் பேசும் அந்த ஆலமரம். அடையாறு கடலில் கலக்கும் முகத்துவாரம் ஒரு பக்கம், சவுக்கும் பனையும் மறுபக்கம். எந்தக் குழந்தைக்குத்தான் இங்கே தங்கிப் படிக்கக் கசக்கும்?

சபைக்குப் பள்ளிக்கூடம் நடத்துவது புதிதும் இல்லை. 1894-லேயே ஆல்காட் அதே பக்கத்தில், ஒதுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்காக இலவசப் பள்ளி தொடங்கிவிட்டார். அது தனிக் கதை, தனியாக எழுத வேண்டிய பெரிய கதை.

இப்போது கதாநாயகி! 1904 பிப்ரவரி 29-ல் மதுரையில் பிறந்த ருக்மிணி. அப்பா நீலகண்ட சாஸ்திரி, பொறியாளர், சபை ஈடுபாட்டினால் அடையாற்றில் வீடு கட்டிக் குடியேறியவர். 1920-ல், பதினாறு வயதில் ருக்மிணி அருண்டேலை மணந்தபோது மதராஸே கொந்தளித்தது. பிராமணப் பெண், வெள்ளைக்கார மாப்பிள்ளை! பத்திரிகைகளிலும் திண்ணைகளிலும் வேறு பேச்சு கிடையாது. அந்தக் கொந்தளிப்பையெல்லாம் பொருட்படுத்தாத பெண்தான் பிறகு இந்த விடுதிப் பிள்ளைகளுக்கெல்லாம் 'அத்தை' ஆனார். மேடம் கிடையாது, டீச்சர் கிடையாது. மாணவர், ஆசிரியர், தறிக்காரர் எல்லோருக்கும் அவர் அத்தைதான். அந்த வளாகத்தில் வளர்ந்தவர்கள் எழுபது வயதில் பேசும்போதும் "அத்தை சொல்வாங்க" என்றுதான் ஆரம்பிப்பார்கள்.

அத்தைக்கு நாட்டியப் பைத்தியம் பிடித்தது ரஷ்ய பாலே நடனமணி அன்னா பாவ்லோவாவால். இருவரும் ஒரே கப்பலில் ஆஸ்திரேலியா போனார்கள், சிநேகம் ஆனார்கள். பாவ்லோவாவின் குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டியிடம் ருக்மிணி பாலே பயின்றார். உன் சொந்த நாட்டுக் கலையைத் தேடிப் பார் என்று பாவ்லோவா தூண்டியதாகச் சொல்வார்கள். தேடினார். மயிலாப்பூர் கபாலீஸ்வரர் கோயிலில் ஆடிய மரபைச் சேர்ந்த கௌரி அம்மாளிடமும், பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் கற்றார். முப்பது வயதைத் தொட்ட பிறகு அரைமண்டியில் உட்கார்ந்து அடவு தொடங்குவது விளையாட்டில்லை!

1935 டிசம்பர் 30. பிரம்மஞான சபையின் வைர விழா மாநாட்டுக்காக உலகெங்கிலுமிருந்து பிரதிநிதிகள் வந்து குவிந்திருக்கிறார்கள். அவர்கள் முன்னால் ருக்மிணி தேவியின் முதல் மேடை. அன்றைய மேடைக்குப் பின்னால் நடந்ததுதான் எனக்கு உயிர். ஒளியமைப்புக்கும் மேடை அழகுக்கும் அலெக்ஸ் எல்மோர் என்ற வெள்ளைக்கார நாடகக் கலைஞர். உடைக்கு மதராஸில் இருந்த ஓர் இத்தாலியத் தையல்கார அம்மாள்! கோயில் சிலைகளைப் பார்த்துப் பார்த்து, காஞ்சிபுரப் பட்டை வெட்டி, விசிறி மடிப்பு வைத்துத் தைக்கும் இன்றைய பரதநாட்டிய உடையின் முன்னோடி அந்தத் தையல் மிஷினில்தான் உருவானது. நட்டுவாங்கத்துக்கு மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் குடும்பத்துச் சொக்கலிங்கம் பிள்ளை. பந்தநல்லூரும் இத்தாலியும் இங்கிலாந்தும் ஒரே ஒப்பனை அறையில்!

ஒரு வாரம்கூட இடைவெளி விடவில்லை. 1936 ஜனவரி 6-ல் சர்வதேசக் கலை நிறுவனம் என்ற பெயரில் கலைப்பள்ளி தொடங்கிவிட்டது. பிறகு கலாக்ஷேத்ரா என்ற பெயர் நிலைத்தது. பெசன்ட் பள்ளியில் கணக்கும் சரித்திரமும், பக்கத்திலேயே கலாக்ஷேத்ராவில் பாட்டும் ஆட்டமும். பிள்ளைகள் இரண்டுக்கும் நடுவே ஓடிக்கொண்டே இருந்தார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். பரதநாட்டியத்தின் பழைய வடிவமான சதிரை ருக்மிணி தேவி "காப்பாற்றினார்" என்று எழுதுவது எனக்குச் சம்மதமில்லை. கௌரி அம்மாளும் பந்தநல்லூர்ப் பெரியவரும் தங்கள் உடம்பில் காப்பாற்றி வைத்திருந்ததைத்தான் அவர் கற்றார். தேவதாசி மரபிலிருந்து வந்த பெண்களுக்குக் கோயிலிலும் மேடையிலும் இடமில்லாமல் போன காலத்தில்தான் இந்தப் பள்ளி வளர்ந்தது. அந்தச் சரித்திரத்தை மறந்துவிட்டுக் கொண்டாட முடியாது. ஆனால் கௌரி அம்மாளைக் கூப்பிட்டுத் தன் பிள்ளைகளுக்குக் குருவாக உட்கார வைத்தார் அத்தை. ஒரு பள்ளிக்கூடத்தின் மரியாதை அதன் ஆசிரியர் பட்டியலில் இருக்கிறது என்றால், இந்தப் பட்டியலில் கௌரி அம்மாளின் பெயரைத்தான் நான் முதலில் எழுதுவேன்.

இப்போது சொல்லப்போவதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த அத்தியாயம். 1939 நவம்பர். அருண்டேல் தம்பதியின் அழைப்பில் மரியா மாண்டிசோரி அடையாற்றில் வந்து இறங்குகிறார். வயது அறுபத்தொன்பது. கூடவே மகன் மரியோ. ஆசிரியர் பயிற்சிக்கு இந்தியாவின் பல மூலைகளிலிருந்து முந்நூறு பேருக்கு மேல் வந்துவிட்டார்கள். அத்தனை பேருக்கு அறைக்கு எங்கே போவது? சபைத் தோட்டத்தில் ஓலைக் குடிசைகள் முளைத்தன, ஒரு கிராமமே உருவாயிற்று. அம்மையார் நாற்காலியில் உட்கார்ந்து இத்தாலிய மொழியில் பேசுவார். மரியோ அதை ஆங்கிலத்தில் சொல்வார். கேட்டவர்கள் ஊருக்குத் திரும்பித் தங்கள் தங்கள் மொழியில் குழந்தைகளிடம் கொண்டுபோனார்கள். தெருவுக்குத் தெரு மாண்டிசோரி என்று பெயர்ப்பலகை தொங்கும் நம் ஊரில், அந்தப் பெயருக்கு உரியவர் அடையாற்று ஓலைக் கூரைக்குக் கீழே வகுப்பெடுத்தார் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்!

ஆறு மாதத்தில் திரும்பிவிடலாம் என்று வந்தவர்கள். 1940 ஜூனில் இத்தாலி போரில் குதித்தது. பிரிட்டிஷ் சர்க்காருக்கு இத்தாலியர்கள் ஒரே நாளில் எதிரி நாட்டவர்கள் ஆனார்கள். மரியோவை அகமத்நகர் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அம்மையார் அடையாற்று வளாகத்தைத் தாண்டக்கூடாது என்றார்கள். அந்த ஆகஸ்ட் 31 அவருக்கு எழுபதாவது பிறந்தநாள். வைஸ்ராயிடமிருந்து தந்தி வருகிறது. என்ன பரிசு கொடுப்பது என்று யோசித்தோம், உங்கள் மகனையே திருப்பி அனுப்புவதுதான் சிறந்த பரிசு என்று தோன்றியது என்பது அதன் சாரம். இதில் இன்னொரு செய்தி ஒளிந்திருக்கிறது. திருமணமாகாமல் பெற்ற பிள்ளையான மரியோவை அதுவரை வெளியுலகில் உறவினரின் பிள்ளையென்றும் வளர்ப்பு மகனென்றும்தான் சொல்லி வந்தார்கள். 'உங்கள் மகன்' என்று அந்தச் சர்க்கார் தந்தி பளிச்சென்று சொல்லிவிட்டது. ஒரு தாயும் மகனும் உலகறியச் சேர்ந்த இடம் நம் அடையாறு!

இந்தக் காவல் காலம் குழந்தைகளுக்கு யோகம். வேறெங்கும் போக முடியாத ஒரு மேதை, நாள் முழுக்கப் பிள்ளைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முறையில் சின்னக் குழந்தை எழுத்தைக் கண்ணால் மட்டும் படிக்காது. சொரசொரப்புக் காகிதத்தில் வெட்டி ஒட்டிய எழுத்தின் மேல் விரலை ஓட்டி, வாயால் ஒலியைச் சொல்லி, கையாலேயே அந்த வளைவைப் பழகும். மணிகளைக் கோத்து ஒன்று, பத்து, நூறு என்று தூக்கிப் பார்த்து எண்ணைப் புரிந்துகொள்ளும். யாரும் அதட்டமாட்டார்கள், அவசரப்படுத்தமாட்டார்கள். பாய் விரித்து உட்கார்ந்து தன் வேலையைத் தானே முடித்து, எடுத்ததை எடுத்த இடத்தில் வைக்கும். போர் நெருங்கிய 1942-ல் கோடைக்கானலுக்குப் போய், 1944-ல் திரும்பி வந்தார்கள். கோடைக்கானலில் பெரிய பிள்ளைகளுக்கான பாடத்தையும் விரிவாக வகுத்தார். வானம், கடல், புழு, பூச்சி, மனிதன் எல்லாம் ஒரே கதையின் கிளைகள் என்று சொல்லித்தரும் பாடம் அது.

புத்தக அலமாரியைத் திறந்தால் இன்னும் துள்ளிக் குதிக்கலாம். உலகம் முழுக்க ஆசிரியர் பயிற்சியில் படிக்கும் மாண்டிசோரியின் 'தி அப்சார்பன்ட் மைண்ட்' நூல் முதன்முதலில் 1949-ல் வெளியானது ரோமிலோ லண்டனிலோ இல்லை. அடையாறு பிரம்மஞானப் பதிப்பகத்தில்! அதற்கு முன்னால், 1946-லும் 1948-லும் அவருடைய வேறு நூல்களைக் கலாக்ஷேத்ராவே அச்சிட்டது. ஒரு நாட்டியப் பள்ளி, மழலைக் கல்வி நூல்களின் பதிப்பாளர். இப்படி ஒரு விசித்திரம் வேறு எந்த ஊரில் நடக்கும்?

புத்தகம் என்றதும் இன்னொன்று. 1942-ல் உ.வே.சாமிநாதையர் மறைந்தபின் அவர் சேர்த்த ஓலைச்சுவடிகளுக்கு வீடு தேவைப்பட்டது. ருக்மிணி தேவியின் முயற்சியில் 1943-ல் நூல்நிலையம் தொடங்கியதும் இதே அடையாற்று வளாகத்தில்தான். 1967-ல் பெசன்ட் நகரில் சொந்தக் கட்டடம் கிடைக்கும்வரை சங்கத் தமிழ்ச் சுவடிகளும் இந்தப் பிள்ளைகளின் அக்கம்பக்கத்தார்!

சரி, விடுதிக்குள் போவோமா? யார் யார் இருந்தார்கள் என்று பார்த்தால் தலை சுற்றும். குப்பம் என்ற ஊரில் பிறந்த லக்ஷ்மண் பதினோரு வயதில், 1944-ல் வந்து சேர்ந்தார். காலையில் பள்ளிப் பாடம், பிறகு நாட்டியம், பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகளிடம் பாட்டு, காரைக்குடி முத்து ஐயரிடம் மிருதங்கம். ஒரே பையன், இத்தனை வித்தை. இன்று அடையாறு லக்ஷ்மண் என்று பெயரிலேயே ஊர் ஒட்டிக்கொண்டுவிட்டது. மலேயாவிலிருந்து எட்டு வயதில் கப்பலேறி வந்த சின்னப்பெண் சாந்தா. ஒடிசாவிலிருந்து அதே வயதில் வந்து சேர்ந்த சஞ்சுக்தா. இரண்டு பேரும் வந்தது 1952-ல். வீட்டு மொழி தனித்தனி, வீட்டுச் சாப்பாடு தனித்தனி. எட்டு வயதுக் குழந்தை அம்மாவை விட்டு இவ்வளவு தூரம் வந்து, சோறும் ரசமும் பழகி, விடியற்காலையில் எழுந்து தட்டிமெட்டு அடவு போடுவதை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது, பெருமையாகவும் இருக்கிறது.

அடுத்த வருஷம், 1953 அக்டோபரில், கதகளி ஆசான் சந்து பணிக்கர் பையனூரிலிருந்து வந்தபோது பையன்களையும் கூட்டிக்கொண்டு வந்தார். அவருடைய மகன் ஜனார்தனன். கூடவே பாலகோபாலன். இன்னொருவர், எட்டுப் பிள்ளைகள் உள்ள ஒரு பள்ளி ஆசிரியரின் மகன், பதினான்கு வயது தனஞ்சயன். சாப்பாடும் படிப்பும் கலையும் சேர்ந்து கிடைக்கும் என்றால் எந்த அப்பா யோசிப்பார்?

பெயர்க் குழப்பம்கூட இங்கே இனிமைதான். வளாகத்தில் இரண்டு சாரதாக்கள். ஒருவர் எஸ்.சாரதா. பாட வரி தேடுவதிலிருந்து ஒத்திகைக் குறிப்பு எழுதுவது வரை அத்தையின் வலக்கரம். இன்னொருவர் பிரம்மஞானக் குடும்பத்தில் பிறந்து, நாட்டியத்தில் அத்தைக்கு அடுத்தபடியாக நின்ற சாரதா ஹாஃப்மன். எப்படிப் பிரித்துச் சொல்வது? பெரிய சாரதா, சின்ன சாரதா! கூட்டுக் குடும்பத்தில் வேறெப்படிக் கூப்பிடுவார்கள்?

ருக்மிணி தேவியின் அண்ணன் ஸ்ரீராமின் மகள் ராதாவும் இங்கே ஆடக் கற்றவர்தான். பிரெஞ்சு இயக்குநர் ழான் ரெனுவார் வங்காளத்துக்கு வந்து எடுத்து, 1951-ல் வெளியான 'தி ரிவர்' படத்தில் மெலனி என்ற பாத்திரத்தில் நடித்து ஆடியவர் இந்த ராதாதான். அடையாற்றுத் தோட்டத்து ஆட்டம் உலக சினிமாவின் மிகச் சிறந்த வண்ணப்படங்களில் ஒன்றில் பதிவாகியிருக்கிறது. தேடிப் பாருங்கள், சிலிர்க்கும்!

சொக்கலிங்கம் பிள்ளை விலகிப் போன சமயத்தில் நட்டுவாங்கத்துக்கு யார் என்ற கேள்வி வந்தது. பரம்பரை நட்டுவனார்கள் மட்டுமே தொட்ட தாளத்தையும் தட்டுக்கழியையும் அத்தையும் அவருடைய மாணவிகளுமே கையில் எடுத்தார்கள். இன்று பெண்கள் நட்டுவாங்கம் செய்வது சர்வ சாதாரணம். 1940-களில் அது ஊர் திரும்பிப் பார்த்த விஷயம். ஒத்திகைத் திண்ணையில் உட்கார்ந்தே வளர்ந்த பிள்ளைகளுக்குச் சொல்லுக்கட்டு மனப்பாடம். கலைஞர் ஒருவர் வரவில்லை என்றால் அந்த இடத்தை நிரப்ப அவர்களால் முடிந்தது அதனால்தான்.

1944-ல் முதல் பெரிய நாட்டிய நாடகம். திரிகூடராசப்பக் கவிராயரின் 'குற்றாலக் குறவஞ்சி'. அச்சில் படித்த தமிழ், மேடையில் குறத்தியாக வந்து குறி சொன்னது. பிறகு காளிதாசரின் குமாரசம்பவம், டைகர் வரதாச்சாரியாரின் இசையில். டைகரோடு கூடவே இருந்து, அவர் பாடியதைப் பாடி, பாடாமல் விட்டதையும் புரிந்துகொண்ட ஒரு சீடர் பாலக்காட்டிலிருந்து வந்திருந்தார். பௌதிகம் படித்துவிட்டுச் சங்கீதம் கற்க வந்த எம்.டி.ராமநாதன்! அவருடைய அந்த ஆழ்ந்த மந்த்ர ஸ்தாயி பக்குவப்பட்டது இந்தத் தோட்டத்துக்குள்தான்.

பிறகு ராமாயணம். அத்தை பிடித்தார் பாருங்கள் இசையமைப்பாளரை! மைசூர் வாசுதேவாச்சார். பிறந்தது 1865-ல். முதல் பாகமான 'சீதா சுயம்வரம்' அரங்கேறிய 1955-ல் அவருக்கு வயது தொண்ணூறு. இந்த வயதில் எனக்கெதற்கு என்று தயங்கியவரை விடாமல் அழைத்து வந்தார்கள். வால்மீகியின் சுலோகங்களையே பாட்டாக எடுத்து, பாத்திரத்துக்கும் கட்டத்துக்கும் தக்க ராகம் பார்த்து இழைத்தார். பக்கத்தில் அவர் பேரன் ராஜாராம். 1961-ல் பெரியவர் மறைந்தபின் மிச்சத்தை அந்தப் பேரன் முடித்தார். ஆறு பாகங்கள், 1970-ல் 'மகா பட்டாபிஷேகம்' வரை பதினைந்து வருஷம்! ராமனாகத் தனஞ்சயனும் சீதையாகக் கிருஷ்ணவேணியும் புகழ் பெற்றார்கள். பள்ளிக்கூடத்தில் சேர்ந்த வருஷம் ஓரத்தில் நின்ற பிள்ளை, வளர வளர நடுமேடைக்கு வந்துவிடும். பதினைந்து வருஷ நாடகம் என்றால் அதுதானே வசதி!

தறிக்கொட்டகையை விட்டுவிட்டால் இந்தச் சுற்றுலா முழுமையாகாது. 1937-ல் தொடங்கிய நெசவுப் பிரிவு. மேடைக்கு வேண்டிய புடவை கடையில் கிடைக்கவில்லை, அதனால் தானே நெய்துகொண்டார் அத்தை. பாட்டிமார் பெட்டியில் கிடந்த பழைய புடவைகளைத் தேடிப் பிடித்து, மங்கிப்போன அரக்கையும் மயில்கழுத்து நிறத்தையும் கரை வரிகளையும் நெசவாளர்களிடம் காட்டி, இதே மாதிரி வேண்டும் என்பார். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்ற கோர்வைக் கரை சாமானியமில்லை. ஒரே ஓடத்தில் நெய்துவிட்டுப் போக முடியாது. உடலுக்கு ஓர் ஓடம், இரண்டு பக்கக் கரைக்கும் ஆளுக்கொரு ஓடம். ஒவ்வொரு ஊடையிலும் உடல் நூலும் கரை நூலும் ஒன்றையொன்று கவ்விப் பிடிக்க வேண்டும், பிசகினால் அந்த இடத்தில் பிளவு தெரியும். பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரை ஓடத்தைத் தள்ளிக் கொடுப்பார். இதைப் பள்ளிக்குப் போகிற வழியில் நின்று பார்த்த குழந்தை, மேடையில் அந்தப் புடவையை எப்படிக் கட்டியிருக்கும்! எவ்வளவு ஜாக்கிரதையாக மடிப்பு வைத்திருக்கும்!

எல்லாம் சுகமாகவே போகவில்லை. 1945 ஆகஸ்டில் அருண்டேல் காலமானார். சபைக்குப் புதிய தலைமை வந்தது. சபை நிலம் சபைப் பணிக்கே என்ற எண்ணம் வலுக்க, கலாக்ஷேத்ரா வேறு இடம் பார்க்க வேண்டிய நிலை வந்தது. ருக்மிணி தேவிக்கு நாற்பதுகளின் நடு வயது. கணவர் இல்லை, பெரிய மூலதனம் இல்லை, கையில் பள்ளிக்கூடமும் தறியும் பிள்ளைகளும். அவர் தேர்ந்தெடுத்தது திருவான்மியூர் கடலோரத்தில் கிட்டத்தட்ட நூறு ஏக்கர் மணல். மருந்தீஸ்வரர் கோயிலைத் தாண்டினால் அப்போது ஊரே கிடையாது. நிழல் கிடையாது. முதலில் மரம் வைத்தார்கள். ஆலங்கன்று நட்டார்கள். மணலில் மரம் பிடிக்குமா என்று கேட்டவர்களுக்கெல்லாம் அந்த மரங்களே பதில் சொல்லிவிட்டன. 1950-களில் ஒவ்வொன்றாக நகர்ந்து, 1962-ல் கலாக்ஷேத்ரா முழுதாகப் புதிய வளாகத்துக்கு வந்துவிட்டது. தாழ்வான ஓட்டுக் கூரைக் குடில்கள், சுற்றிலும் திண்ணை, நான்கு பக்கமும் காற்று. அருண்டேல் பெயரும் பெசன்ட் பெயரும் தாங்கிய பள்ளிகள், குழந்தைகள் விடுதி, பிறகு கேரளக் கூத்தம்பலத்தை அடியொற்றி அப்புக்குட்டன் நாயர் வடிவமைத்த அரங்கம்.

இந்த நடுவில் அத்தை சும்மாவா இருந்தார்? 1952-ல் மாநிலங்களவை உறுப்பினராகி, வாயில்லா ஜீவன்களுக்காகப் பேசிப் பேசி, 1960-ல் மிருகவதைத் தடுப்புச் சட்டம் வர முக்கியக் காரணமானார். 1977-ல் மொரார்ஜி தேசாய் குடியரசுத் தலைவர் பதவிக்கே அழைத்தபோது வேண்டாம் என்றுவிட்டார். ராஷ்டிரபதி பவனைவிடத் திருவான்மியூர் மணல் பெரிது என்று நினைத்த அந்த மனசை நான் கொண்டாடுகிறேன்!

காலையில் வளாகத்துக்குள் நுழைந்தால், ஆலமரத்தடியில் பிரார்த்தனை. எல்லா மதத்துப் பிரார்த்தனைகளும் ஒன்றன்பின் ஒன்றாக ஒலிக்கும். முடிந்ததும் பிள்ளைகள் குடில் குடிலாகப் பிரிவார்கள். முழங்காலுக்குச் சற்றுக் கீழே நிற்கும் பருத்திப் புடவையை இறுக்கிக் கட்டிய பெண்கள் வரிசையில் நிற்பார்கள். ஆசிரியர் சம்மணமிட்டு உட்கார்ந்து மணைக்கட்டையில் தட்டுக்கழியைத் தட்டுவார். தை யா தை, தை யா தை. முதல் காலம், இரண்டாம் காலம், மூன்றாம் காலம். மூன்றாம் காலம் வந்ததும் தரை அதிரும். பக்கத்துக் குடிலில் வர்ணம், அதற்கடுத்ததில் மிருதங்கச் சொல். ஒன்றும் ஒன்றோடு மோதாது, மரங்கள் அவ்வளவு இடம் விட்டிருக்கின்றன.

அந்த விடுதிப் பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று கேட்காமல் இருக்க முடியுமா? மலேயா சாந்தாவும் பையனூர் தனஞ்சயனும் 1966-ல் குருவாயூரில் கல்யாணம் செய்துகொண்டார்கள்! 1968-ல் அடையாற்றிலேயே பரதகலாஞ்சலி தொடங்கினார்கள். லக்ஷ்மண் பரதசூடாமணி தொடங்கினார். ஒடிசா திரும்பிய சஞ்சுக்தா பாணிக்ராஹி, அங்கே ஒடிஸி நடனத்தைத் தலைநிமிர்த்தி நிற்கவைத்த முதல் வரிசைக் கலைஞர் ஆனார். ஒன்பது வயதில் இங்கே வந்து பெசன்ட் பள்ளியில் பாடமும் கலாக்ஷேத்ராவில் நடனமும் படித்த லீலா சாம்சன், 2005-ல் இதே நிறுவனத்துக்கு இயக்குநராக வந்தார், ருக்மிணி தேவியின் வாழ்க்கை வரலாற்றையும் எழுதினார். மயிலாப்பூர், தி.நகர், அடையாறு என்று எந்தத் தெருவில் மாலை ஆறு மணிக்கு நடந்தாலும், ஏதாவது ஒரு மாடியிலிருந்து தட்டுக்கழிச் சத்தம் கேட்கும். அந்த டீச்சரிடம் உங்க குரு யார், அவங்க குரு யார் என்று விசாரித்துக்கொண்டே போங்கள். பல மாடிகளில் மூன்றாவது கேள்விக்குள் அத்தை வீடு வந்துவிடும்.